ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு தையல்

அந்த எம்பிராய்டரிக் கடையில் எல்லோரும் அவளை ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக வைத்த பெயர். கடையில் கல்லூரிப் பக்கம் போனவள் அவள் ஒருத்திதான். வீட்டிலும் அவள் ஒருத்திதான். அப்பா லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். மகள் ஏசி அறையில் வேலை பார்க்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். என்ன வேலை என்று யாராவது கேட்டால் மட்டும், “கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டுவா” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அந்தக் கேள்வி அவளையும் குடைந்துகொண்டுதான் இருந்தது. வருகிற போட்டோ, வீடியோ, டிசைன் எல்லாவற்றையும் இடம் பார்த்து அடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதற்கா மூன்று வருஷம் படித்தோம்? அந்த ரோஷத்தில், இணையத்தைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி புரோகிராம், எழுதினாள். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அது தானாக ஓடும். கோப்புகளை அந்தந்த ஃபோல்டரில் போடும். டிசைன் மென்பொருள் பாதியில் நின்றுபோகும்போது விட்டுச்செல்கிற வெற்றுக் கோப்புகளை, அளவு பூஜ்யமாக இருப்பதைப் பார்த்து, அழிக்கும். கடைசியில் பெயரும் அளவுமாக ஒரு பட்டியல் காட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி அந்தப் பட்டியலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

“என்னம்மா இது, அளவு கேட்டா போன் நம்பரைக் காட்டுது? மனுஷனுக்குப் புரியற மாதிரி காட்டாதா?”

“அது பைட் கணக்கு சார். எம்பியா மாத்திடறேன்.”

ஐந்து நிமிஷ வேலை. அளவைப் பத்து லட்சத்துச் சொச்சத்தால் வகுத்தாள். புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வெட்டினாள். பக்கத்தில் ‘எம்பி’ என்று ஒட்டினாள்.

சனிக்கிழமை காலை பட்டியல் லட்சணமாக வந்தது. முதல் வரியில், முதலாளி முந்தின நாள் ஏற்றிய அவர் பேரனின் பிறந்தநாள் வீடியோ: 912 எம்பி. “இப்பதான் டிகிரி வேலை செய்யுது!” என்றார் அவர். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பட்டியலில் ஒரு டிசைன்கூட இல்லை என்பது இருவர் கண்ணிலும் படவில்லை.

பத்து மணிக்குப் பஞ்சிங் அக்கா வந்தாள். ஒரு படத்தைப் பார்த்து, ஊசி எங்கே இறங்கணும், எந்தப் பக்கம் திரும்பணும் என்று தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் போடுவதற்குப் பெயர்தான் பஞ்சிங். கடையின் ஒன்பது வருஷ டிசைன்களும் அவள் கைபட்டவை.

“ஏய் டிகிரி, என் டிசைனெல்லாம் எங்கடி தூக்கி வெச்ச?”

“உங்க ஃபோல்டர்லதான்க்கா இருக்கும்.”

“ஃபோல்டர் இருக்கு. உள்ள காத்துதான் இருக்கு.”

டிகிரி சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். திரையைப் பார்த்ததும் சிரிப்பு முகத்திலேயே உறைந்துவிட்டது. ஃபோல்டர் காலி. குப்பைத்தொட்டியும் காலி; ஸ்கிரிப்ட் அழித்தால் நேரே அழிவுதான். தன் இடத்துக்கு ஓடி வந்து எழுதியதைத் திறந்தாள். அளவு பூஜ்யமானால் அழி என்ற வரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிசைன் ஒவ்வொன்றும் நாற்பது கேபி தாண்டுவதே அபூர்வம். எம்பியாக்கிப் புள்ளியை வெட்டினால் பூஜ்யம். கண்ணுக்குக் காட்டுவதற்காக மாற்றிய எண்ணையே அழிக்கிற வரியும் எடுத்துக்கொண்டிருந்தது.

மீட்கும் மென்பொருளை ஓட்டினாள்; பெரும்பாலும் குப்பையாக வந்தது. நகல் எடுக்கவும் ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

“நான்தான்க்கா... என் ஸ்கிரிப்ட்தான்...”

திட்டுவாள் என்று நின்றாள். அக்கா திட்டவில்லை. வாய் திறந்தபடி அந்த வெள்ளைத் திரையையே பார்த்தாள். “திங்கக்கிழமை அறுநூறு பேட்ஜ் போகணுமே” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

மெஷின் ஓட்டுகிறவர்தான் முதலில் அசைந்தார். பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தார். முப்பத்தொரு பென்டிரைவ். டிசைனை மெஷினுக்குக் கொண்டுபோன எதையும் அவர் அழித்ததே இல்லை. “பென்டிரைவ் மியூசியம்னு நக்கல் அடிச்சியே தாயே, இப்ப டிக்கெட் எடுத்துப் பாரு.”

ஒவ்வொன்றாகச் செருகினாள். ஆயிரத்து நூற்று நாற்பதில் எண்ணூற்று எழுபத்தொன்று திரும்பி வந்தது. திங்கட்கிழமை போக வேண்டிய பேட்ஜ் அதில் இல்லை.

“எல்லாம் சேத்து எவ்ளோடி இருந்துச்சு? அந்த எம்பியில?”

“இருபத்திரண்டு இருக்கும்க்கா.”

“முதலாளி பேரன், அந்தப் பொடியன் கேக் வெட்டுனது?”

“...தொள்ளாயிரத்துப் பன்னெண்டு.”

அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். “என் ஒம்பது வருஷம், அவன் ஊதுன மெழுகுவத்திக்குக்கூடக் காணாதா?”

இதைவிடத் திட்டியிருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா அலமாரியில் கிடந்த ஒரு பழைய மாதிரிச் சட்டையிலிருந்து அதே பேட்ஜை வெட்டி எடுத்தாள். பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்தாள். “தள்ளிக்க.” மூன்று மணி நேரம் மௌஸ் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“முடிஞ்சுது. இப்ப உன் பட்டியல் என்ன சொல்லுது, பாரு.”

அழிக்கிற வரியை டிகிரி அதற்குள் அடியோடு எடுத்திருந்தாள். புள்ளியையும் வெட்டவில்லை. “பதினெட்டு புள்ளி ஏழு கேபி.”

“முதலாளிக்குப் புரியும். எனக்கு? எத்தனை தையல்னு சொல்லு.”

கோப்பின் தலைப்புக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட். மிச்சத்தில் ஒரு தையலுக்கு மூன்று பைட். கோப்பின் மொத்த பைட் பத்தொன்பதாயிரத்து நூற்று ஐம்பத்துநாலில் தலைப்பைக் கழித்து, மூன்றால் வகுத்தாள்.

“ஆறாயிரத்து இருநூத்திப் பதினாலு.”

“ஆங். அதைக் காட்டு.”

பக்கத்து அறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. அவள் பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள்: தையல். எண்கள் வரிசையாக இறங்கின. எட்டாயிரம், பதினோராயிரம், நாலாயிரம். இத்தனை நாள் தான் அடுக்கிவைத்தது இதையா என்று அவள் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா கைப்பையை எடுத்தாள். “மிச்சம் எத்தனை?”

“இருநூத்தி அறுபத்தெட்டு.”

“திங்கக்கிழமை ஒம்பதுக்கே வந்துடு. பழைய துணியெல்லாம் தேடி எடுத்துக் குடு. அதுக்கும் டிகிரி வேணும்.”