காத்து நாற்காலி

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, என் வீட்டுக்காரர் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

இந்த அரிய காட்சிக்காக நாங்கள் கிள்ளானிலிருந்து ஃபெடரல் ஹைவே ஜாமில் ஊர்ந்து, பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் தேடி அலைந்து, மாடிப்படி ஏறிப் போயிருந்தோம். முட்டிவலிக்காரர்களுக்கான பிசியோதெரபி கிளினிக்கை மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ... அவர் முட்டி நன்றாக இருக்கட்டும்.

என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வாரத்தில் இரண்டு நாள் பேட்மிண்டன் ஆடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்கு இடது முட்டிச் சில்லுக்குக் கீழே வலி வந்துவிட்டது. குதித்தால் வலி, படி இறங்கினால் வலி. ஆட்டக் கூட்டாளி ஒருவர், "வயசாச்சு லா சார், கேரம் ஆடுங்க" என்று சொல்லிவிட்டார். முட்டியைவிட அந்த வார்த்தைதான் அதிகமாக வலித்திருக்க வேண்டும். அன்றைக்கே ராக்கெட்டை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டார்.

அதன்பிறகு சும்மா இருந்தாரா? என் மசாலா டப்பாக்களை உயரவாரியாக வரிசையில் நிறுத்தினார். மஞ்சள்தூளைத் தேட நான் இரண்டு நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கேலி இருக்கட்டும். அவர் வாய்விட்டுச் சிரித்தே பல வாரங்கள் ஆகியிருந்தன. இனி ஆடவே முடியாது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் வம்படியாக இழுத்துக்கொண்டு போனேன்.

பிசியோ பெண் பூச்சோங் ஊர்க்காரி. எங்கள் மகள் வயதுதான் இருக்கும். முட்டியை அழுத்திப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், கடைசியில் சுவரில் சாய்ந்து உட்காரச் சொன்னாள். அசையக் கூடாதாம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அசையாம இருந்தா அது எப்படிம்மா எக்சர்சைஸ் ஆகும்?"

"ஆன்டி, இந்தச் சுவத்தை நல்லா தள்ளுங்க."

தள்ளினேன்.

"சுவரு நகந்துச்சா?"

"இல்ல."

"கை?"

கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

"அதான் ஆன்டி ஐசோமெட்ரிக். மூட்டு அசையாது, தசை மட்டும் இழுத்துப் பிடிச்சு வேலை செய்யும். அங்கிளோட முட்டியில புண்பட்ட தசைநாருக்கும் வேலை கிடைக்கும், குதிக்கிற அடியும் விழாது. ஓடுறவங்க, குதிக்கிறவங்க நிறைய பேருக்கு இதுலேருந்துதான் ஆரம்பிப்போம். சிலருக்கு வலியும் அப்பவே கொஞ்சம் குறையும். அங்கிளுக்கு எப்படின்னு பாப்போம்."

அன்றிலிருந்து எனக்கு எங்கே பார்த்தாலும் ஐசோமெட்ரிக்தான். திறக்காத ஊறுகாய் பாட்டில் மூடியோடு நான் போராடுவது... எல்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்குவது... மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் மனைவி புடவை பார்த்து முடிக்கும்வரை இரண்டு கையிலும் பைகளோடு அசையாமல் நிற்கும் கணவன்மார்கள் – அவர்கள் எத்தனை வருடமாகப் பயிற்சியில் இருக்கிறார்கள் பாருங்கள்.

கிளினிக் கதைக்குத் திரும்புகிறேன். அவர் உட்கார்ந்திருக்கிறார். அவள் போனில் நேரம் பார்த்துக்கொண்டே, "வலி பத்துக்கு எவ்வளவு அங்கிள்?" என்று நடுநடுவே கேட்கிறாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது – அவள் சிரித்துக்கொண்டே அதைச் சொல்லும்வரை.

"இதை நாங்க ஸ்கூல்ல காத்து நாற்காலின்னு சொல்வோம் அங்கிள். ஹோம்வர்க் செய்யலைன்னா வாத்தியார் இப்படித்தான் உட்கார வைப்பாரு."

அவர் எழுந்துவிட்டார். "போதும்மா" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, வலிக்கும் காலோடு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். அந்தப் பெண் திகைத்து நின்றாள். நான் ஏதோ சமாளித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

காரில் சுங்கை வே தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

"நானும் இதைத்தான் குடுத்தேன்."

என் வீட்டுக்காரர் பள்ளியில் பல காலம் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்தவர். அந்தப் பெண் படித்த பள்ளியில் இல்லை, வேறு பள்ளியில். ஆனால் தண்டனை ஒன்றுதான் போலிருக்கிறது.

"பெரம்பு எடுக்காத வாத்தியாருன்னு எல்லாரும் பாராட்டுனாங்க. அடிக்கலையே, உட்காரத்தானே சொல்றேன்னு நானும் நெனச்சுக்கிட்டேன். இன்னிக்கு தொடை நடுங்குச்சு பாரு... அப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

"சரி, முட்டிய என்ன பண்றது?" என்று கேட்டேன். அவர் ரேடியோவைப் போட்டார்.

மறுநாள் காலை நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் தானே சாய்ந்தார்.

"டைம் பாரு" என்றார்.

பார்த்தேன். தினமும் பார்த்தேன். அவள் கேட்டதுபோலவே, "பத்துக்கு எவ்வளவு?" என்று நானும் கேட்டேன். முட்டியின் மார்க் மெதுவாக இறங்கியது. அடுத்த சனிக்கிழமை, கிளினிக்குக்குப் போக அவரே கார் சாவியை எடுத்தார். நேற்று முன்தினம் ராக்கெட்டும் அலமாரியிலிருந்து இறங்கியது. ஆடுவதற்கில்லை, தூசி தட்ட. எனக்கு அதுவே போதும், கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அதே சுவர், அதே மடங்கிய கால்கள். அங்கே தண்டனை, இங்கே மருந்து. எப்படி? நானும் ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தொடை எரிந்தது. ஆனால் எப்போது முடியும் என்று எனக்குத் தெரியும். முடியாவிட்டால் எழுந்துவிடலாம் என்றும் தெரியும். வலிக்கிறதா என்று கேட்க ஆள் இருந்தது. அவர் அப்படி உட்கார வைத்த பையன்களுக்கு இதில் எது இருந்தது?

நேற்றுக் காலை வழக்கம்போல அவர் சுவரில் சாய்ந்தார். போனில் நேரத்தை ஓட விட்டேன். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி கூப்பிட்டாள். போனைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனேன். எங்கள் பேச்சு என்றைக்குச் சீக்கிரம் முடிந்திருக்கிறது?

திரும்பி வந்தால் அவர் இன்னும் சுவரில்தான் இருக்கிறார். முகம் வியர்த்து, இரண்டு தொடையும் வெடவெடவென்று ஆடுகிறது. எனக்குப் பதறிவிட்டது.

"ஏங்க, எழுந்திருக்க வேண்டியதுதானே?"

"நீ சொல்லலையே."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. என்னைப் பார்த்தார். அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவர் காலைப் பிடித்துவிட்டேன். பிறகு, பழக்கத்தில், கேட்டேன்.

"வலி பத்துக்கு எவ்வளவு?"

"முட்டியிலயா?" என்று கேட்டார்.