பெயர் சொல்லிக் கூப்பிடவும்

தில்லைநாதன் வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். நின்றவர் என்று சும்மா சொல்லவில்லை. விற்பனைக்கு நிற்பவர்கள் உட்கார அந்த முதலாளி கடைசிவரை ஒரு ஸ்டூல்கூடப் போடவில்லை. கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே குடியிருந்த அத்தனை குடும்பத்துப் பெண்களின் நிற ருசியும் அவருக்கு அத்துப்படி. எந்த மாமிக்கு மாம்பழ மஞ்சள் ஆகாது, யாருடைய மகளுக்குக் கரை அகலமாக இருக்கவேண்டும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஆனால் அந்தப் பெண்கள் எந்த ஒழுங்கையில், எத்தனையாம் இலக்கத்தில் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர்கள்தான் அவரிடம் வந்தார்கள். அவர் யாரையும் தேடிப் போனதில்லை.

கடை பூட்டியபோது வயது ஐம்பத்துநாலு. அந்த வயதில் கொழும்பில் வேலை தேடுவதைப் போல ஒரு அவமானம் கிடையாது. வாடகை வீட்டை விட்டுவிட்டு, கிருலப்பனையில் மனைவியின் தங்கை வீட்டு ஹோலில் போய் ஒதுங்கினார்கள். மச்சாள் நல்லவள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் தில்லைநாதனுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. காலையில் அவர்கள் எழும்ப முன்னமே பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, தான் அங்கே படுக்கவே இல்லை என்பதுபோலப் பேப்பருடன் உட்கார்ந்திருப்பார். பதினொரு மாதம் அப்படிப் போனது.

பிறகுதான் மாளிகாவத்தையில் ஒரு பார்சல் கம்பனி அவரை எடுத்தது. முப்பது நாள் பரீட்சார்த்தம். அது முடிய நிரந்தரக் கடிதம். அந்தக் கடிதத்தைக் காட்டினால் வெள்ளவத்தையில் ஓர் அறை தரலாம் என்று ஒரு வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஆகவே அந்த ஒரு தாள்தான் வீடு, கதவு, தங்கள் பாட்டில் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கிற சுதந்திரம், எல்லாம்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. போனில் உள்ள செயலியில் 'முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை' என்று பத்துத் தரம் பதிந்தால் ஆள் வீட்டுக்குப் போகலாம். வழி தெரியாத ஆளை வைத்து நாங்கள் என்ன செய்வது என்பது கம்பனியின் நியாயம். அதையும் பிழை என்று சொல்லமுடியாது.

அவர் வெள்ளவத்தையைக் கேட்டார். கொடுத்தது கொட்டாஞ்சேனை. கிளைப் பொறுப்பாளர் அஸாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அங்கதான் ஆள் இல்ல, அண்ணன்" என்றார். முன்பு கொட்டாஞ்சேனைக்கு ஓடிய நபீஸை நுகேகொடைக்கு மாற்றியிருந்தார்கள். தில்லைநாதன் அவனிடம் போய், ஒரு நாள் கூட வந்து காட்டமுடியுமா என்று பவ்வியமாகக் கேட்டார்.

"ரூட் செல்லிக் குடுக்கிற சாமானில்ல அண்ணன்," என்றான் நபீஸ். "சுத்துங்க. தானா வரும்."

கெட்டவன் இல்லை அவன். பாதை தெரிந்தவனைக் கம்பனி இலேசில் கழற்றாது. தெரிந்த பாதையைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பிறகு அவனிடம் என்ன மிச்சம்?

ஆகவே தில்லைநாதன் சுற்றினார். மைத்துனரின் பழைய பைக்கில், பின்னால் ஒரு பெரிய நீலப் பெட்டியுடன், காலை எட்டு மணி தொடங்கிச் சுற்றினார். போனில் இருந்த பெண் குரல் மதில் இருக்கிற இடத்தில் இடதுபக்கம் திரும்பச் சொன்னது. பாதிப் பேருடைய வீட்டை அது லூசியாள் பேராலயத்துக்குள் கொண்டுபோய்க் குத்தி வைத்திருந்தது. கடைக்காரர்களிடம், "அய்யே, மேக்க கொஹெத?" என்று சிங்களத்தில் இடம் கேட்டால், "கெலின் யன்ன" என்று கையை நீட்டினார்கள். நேரே போகச் சொல்கிறார்கள். நேரே போனால் துறைமுகம் வந்தது.

இலக்கங்களோ அதைவிட மோசம். தோட்டம் என்று சொல்லப்படும் ஒரு வளவு, ஒரு மரம்கூட இல்லாத வளவு, அதற்கு 118 என்று ஒரே இலக்கம். உள்ளே அறுபது வீடு. 118/7க்குப் பக்கத்தில் 118/8 இருக்கும் என்று நம்புகிறவன் கொட்டாஞ்சேனைக்குப் புதியவன். வீடு எந்த வரிசையில் கட்டப்பட்டதோ அந்த வரிசையில் இலக்கம். எட்டாவது வீட்டைக் கட்டினவன் எங்கே கட்டினான் என்று அவனைத்தான் கேட்கவேண்டும், அவன் செத்து நாற்பது வருடம்.

சேலைக் கடைக்காரர் தனக்குத் தெரிந்த வித்தையைக் கையில் எடுத்தார். பார்த்த நிறத்தை மறக்கமாட்டார் அல்லவா? ஒரு கொப்பி வாங்கி அடையாளங்களை எழுதினார். 'கத்தரிப்பூக் கேற், வலப்பக்கம். பாசிப்பச்சைச் சுவர், மாடி.' 118/27க்கு முதல் தரம் போனபோது அந்த ஒழுங்கைக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஆனால் வாசல் முழுக்க வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தன. 'வெள்ளைக்கொடி ஒழுங்கை, உள்ளே இரண்டாம் திருப்பம்' என்று எழுதிக்கொண்டார். அடுத்த கிழமை அதே வீட்டுக்கு இன்னொரு பார்சல். வெள்ளைக் கொடியைத் தேடி முக்கால் மணித்தியாலம் அலைந்தார். கண்ட இடத்தில் திரும்பி உள்ளே போனால், அது வேறு ஒழுங்கை, வேறு செத்தவீடு.

யாரோ ஒருவர் செத்ததை வழிகாட்டிப் பலகையாக எழுதிவைத்த மடையன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று அன்றைக்குத் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். பதினைந்து நாளுக்குள் ஒன்பது 'முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை' விழுந்துவிட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் பாய், மூலை, பேப்பர்.

118/27இல் இருந்தவர் சிவக்கொழுந்து. அறுபதைத் தொட்ட பெண், வீட்டில் இருந்து பிளவுஸ் தைப்பவர், அயலுக்கெல்லாம் கொழுந்தக்கா. லைனிங் துணியும் கொளுக்கியும் நூலும் அவருக்கு அடிக்கடி பார்சலில் வரும். ஒரு வழியாக வீட்டைக் கண்டுபிடித்து வியர்வையில் குளித்து நின்ற தில்லைநாதனிடம் கொடிக் கதையைக் கேட்டதும், அந்த மனுசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கொடியை எட்டாம் நாளோட கழட்டிப்போடுவினம், தம்பி. இஞ்ச வீட்டைத் தேடாதேங்கோ, ஒருநாளும் கிடைக்காது. ஒழுங்கை வாசலில நிண்டு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. ஆள் வெளியில வரும்."

"றோட்டில நிண்டு கத்துறதோ, அக்கா?"

"பின்ன? மீன்காரன் கத்தேல்லையோ?"

இருபத்திரண்டு வருடம் 'வாங்கோ, இருங்கோ' என்று தணிந்த குரலில் பேசிய தொண்டை அது. முதல் இரண்டு நாள் சத்தம் வெளியில் வரவே மாட்டேன் என்றது. பிறகு வந்தது. "மஜீட் நானா! பார்சல்!" என்றால் மூன்றாம் மாடியில் ஒரு தலை எட்டிப் பார்க்கும். "ஜுமானா! பார்சல்!" என்றால் ஜுமானாவின் வீட்டைப் பக்கத்து வீட்டார் கை காட்டுவார்கள். அதற்குப் பிறகு ஒரு பார்சலும் தவறவில்லை. கொழுந்தக்காவிடம் இன்னும் இரண்டு தரம் போனார். துணி நல்லதா என்று அவரிடம் தடவிக் காட்டிக் கேட்பார் அக்கா. "இது தண்ணியில போட்டாச் சுருங்கும், அக்கா" என்று இவர் சொல்லுவார். கொழும்பு முழுவதிலும் அவரிடம் அவருடைய தொழிலைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் அந்த அக்காதான்.

செயலியில் ஒவ்வொரு முகவரிக்கும் கீழே 'ஓட்டுநர் குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அடுத்து வருகிறவனுக்கு உதவட்டும் என்று போடுவது. நபீஸ் அதில் ஓர் எழுத்தும் எழுதியிருக்கவில்லை. தில்லைநாதன் எல்லா வீட்டுக்கும் எழுதினார். தனக்கு வந்த கஷ்டம் இன்னொருவனுக்கு வரக்கூடாது என்ற நல்ல மனது. 118/27க்குக் கீழே, 'ஒழுங்கை வாசலில் நின்று பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடவும். வரும்வரை கூப்பிடவும்' என்று எழுதிச் சேமித்தார். சேமித்ததை மாற்ற முடியாது, அழிக்கவும் முடியாது.

முப்பதாம் நாள் பின்னேரம் நாலு மணிக்குப் பெட்டியில் ஒரேயொரு பார்சல் மிஞ்சியிருந்தது. சிவக்கொழுந்து, 118/27. கையில் எடுத்ததுமே உள்ளே என்னவென்று தெரிந்தது. பருத்தி லைனிங், ஏழெட்டு மீட்டர் வரும். கடைசிப் பார்சல் அக்காவுக்கு என்பதில் அவருக்கு ஒரு சந்தோசம். கடிதம் கிடைத்ததும் முதலில் அவரிடம்தான் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தார்.

ஒழுங்கை வாசலில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. அறுபது வீட்டில் யாரோ ஒருவர் போயிருக்கிறார், பாவம், ஆனால் கொழுந்தக்கா இதைப் பார்த்தால் பழைய கதையை எடுக்கப்போகிறார். பைக்கை நிறுத்தினார். செயலியில் 'வந்துவிட்டேன்' என்பதை அழுத்தினார். நெஞ்சு நிறைய மூச்சு எடுத்துக் கூப்பிட்டார்.

"கொழுந்தக்கா! கொழுந்தக்கோ! பார்சல்!"

வழக்கமாக உடனே வரும் பதில் வரவில்லை. உள்ளே போய் இரண்டாம் திருப்பத்தில் நின்று இன்னும் உரத்து, "சிவக்கொழுந்து அக்கா! வெளியில வாங்கோ!" என்றார்.

திருப்பத்துக்கு அப்பால் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்த அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவு திறந்திருந்தது. தையல் மெசினை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பிரேதப் பெட்டியை வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பெண் அவர் கூப்பிட்ட சத்தத்தைக் கேட்டு, "ஐயோ, அம்மா! உங்களைக் கூப்பிடுகினம், எழும்பிப் போங்கோவன்!" என்று குழறினாள். அதே நேரம் சுவர்த் தட்டில் கிடந்த ஒரு போன் 'டிங்' என்றது. அவர் 'வந்துவிட்டேன்' என்று அழுத்தியதற்கு இறந்தவரின் போனுக்கு நாலு இலக்கம் வந்திருக்கிறது. அந்த நாலு இலக்கத்தைப் பெற்றவர் சொன்னால்தான் பார்சல் ஒப்படைக்கப்பட்டதாகப் பதியும்.

தில்லைநாதனுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது. திரும்பி ஓடவும் முடியாது. செத்தவீட்டு வாசலை மிதித்துவிட்டு இருக்காமல் போகிற வழக்கம் அவர் வளர்ந்த இடத்தில் இல்லை. பார்சலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தார். அக்காவின் கழுத்தில் அளவு நாடாவைக் காணாதது என்னவோபோல் இருந்தது. கண் கலங்கியது. வெளியில் வந்து ஒரு கதிரையில் இருந்தார்.

அக்காவின் மருமகன் பிரசாந் வந்து அவருடைய கையைப் பிடித்தான். "மன்னியுங்கோ தம்பி, எனக்குத் தெரியாது" என்றார் இவர்.

"பரவாயில்லை, அண்ணை. விடியப்புறம், நெஞ்சுநோ. அம்மாவை நல்லாத் தெரியுமோ?"

"ஓம். எனக்கு வழி சொல்லித் தந்தவ."

வேறு என்ன சொல்ல? அந்தப் போனை எடுத்து நாலு இலக்கத்தை வாசியுங்கள் என்று சொல்லலாம். பொடியன் சொல்லியிருப்பான். சொல்லுவதற்கு வாயும் திறந்தது. பிரசாந் இன்னும் கையை விடவில்லை. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

ஒரு பிளேன் டீயைக் குடித்து முடித்து, போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் எழும்பி வந்தார். பைக்கில் சாய்ந்துகொண்டு செயலியைத் திறந்தார். 'வீட்டில் இல்லை' என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. பார்சல் நாளைக்கு இன்னொருவன் கையில் திரும்ப வரும். நாளைக்கு, பெட்டி எடுக்கிற நேரத்தில், ஒரு புதியவன் இந்த ஒழுங்கை வாசலில் வந்து நிற்பான். வழி தெரியாமல் குறிப்பை வாசிப்பான். பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடவும். வரும்வரை கூப்பிடவும்.

மற்றப் பட்டன்தான் பார்சலை நேரே அனுப்பியவனுக்குத் திருப்பும். நல்லவனாக இருப்பதில் அவருக்கு அந்த நேரம் ஒரு சந்தோசமும் இருக்கவில்லை. கோபம்தான் வந்தது. கம்பனி மேல், நபீஸ் மேல், அந்தக் குறிப்பை எழுதிய தன் கை மேல், ஒரு நாள் பொறுக்காமல் போன அக்கா மேலும். பிறகு, கொட்டாஞ்சேனை முழுவதிலும் யாரையும் கேட்காமல் தன்னால் போகக்கூடிய அந்த ஒரு வீட்டுக்கு, 'முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை' என்று அழுத்தினார்.

மாளிகாவத்தையில் அஸாம் கடிதத்தை அச்சடித்தே வைத்திருந்தார். திரையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அண்ணன், நீங்க நாலு தரம் போன வீடு தானே இது? எப்பிடி எட்ரஸ் இல்லாம போற?"

தில்லைநாதன் நடந்ததைச் சொன்னார். அஸாம் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு ஒரு கோல் எடுத்தீந்தா..." என்று தொடங்கி நிறுத்தினார். பத்து விழுந்தவுடன் செயலி தானாகவே பெயரைப் பூட்டிவிடும், திறக்கிற சாவி அவரிடமும் இல்லை. நீலப் பெட்டியை இருவருமாகப் பைக்கில் இருந்து இறக்கினார்கள்.

கிருலப்பனைக்கு வந்தும் தில்லைநாதன் வீட்டுக்குள் போகவில்லை. பின்பக்கத்துப் பைப்படியில் போய் நின்றார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, செத்தவீட்டுக்கே போனனீங்கள்? ஆர்?"

"உனக்குத் தெரியாது. துவாயை எடுத்துக்கொண்டு வா."

அவள் துவாயைக் கொண்டுவந்து கொடியில் போட்டாள். போகாமல் நின்றாள். கேட்காமல் இருக்க அவளாலும் முடியவில்லை.

"கடிதம் தந்தவையோ?"

அவர் வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றினார்.

"இல்லை. எனக்கு இன்னும் வழி பிடிபடேல்லையாம்."