பிற்பாதி பேசும் பிள்ளை

எங்கள் தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த ஆனந்தமேரிக்கு, பாதிப் பேச்சைக் கேட்டே மீதிப் பேச்சைக் கண்டுபிடிக்கும் வித்தை கைவந்திருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஒருவர் "சரி, சரி, வாரேன்" என்றால் போதும். எதிர்முனையில் இருப்பது மாமனாரா, ஒட்டன்சத்திரத்துக் கமிஷன் கடைக்காரரா என்று சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டு வாத்தியாரான எனக்கு அது வெறும் வம்பாகத்தான் பட்டது.

அப்பேர்ப்பட்டவரின் மகன் ரொனால்டு, நான்கரை வயதாகியும் பேசவில்லை. ஒரு வயதில் "தா" என்றிருக்கிறான். பிறகு அதுவும் நின்றுபோனது. காதெல்லாம் நன்றாகக் கேட்டது. "பெருசா ஒண்ணும் வேணாம்ணே. அவனா என்கிட்ட வந்து ஒரு வார்த்தை பேசிட்டா போதும்" என்பார் ஆனந்தமேரி.

1998 அக்டோபர். கத்தோலிக்கர்களான நாங்கள் வீடு வீடாகப் போய் மாதாவுக்கு ஜெபமாலை சொல்கிற மாதம். ஒருவர் மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, கூட்டம் பிற்பாதியைச் சொல்லும். ஆனந்தமேரி வீட்டு முறை வந்த சாயங்காலம், எதிர்வீட்டு கிளாரா முதல் பாதியை முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு தீப்பெட்டி தேடினோம். இருட்டுக்குள், ரொனால்டு உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து ஒரு சின்னக் குரல் பிற்பாதியை ஆமென் வரைக்கும் சொல்லி முடித்தது. நடுவில் நான் வழக்கமாகச் செருமுவேன். அந்தச் செருமலையும் விடவில்லை.

"புதுமை! மாதா செஞ்ச அற்புதம்!" என்று கிளாரா அழுதே விட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரொனால்டைக் கோயிலுக்குள் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "நீயே ஆரம்பிப்பா" என்றோம். அவன் தரையில் போன எறும்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். செத்த நேரத்தில் கூட்டம் முணுமுணுத்துக் கலைந்தது. "இருட்டுல வேற பிள்ளை சொல்லியிருக்கும்" என்று நானும் சொல்லிவைத்தேன். என் செருமலை என் காதாலேயே கேட்டவன் நான். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மூன்றாம் நாள் ஆனந்தமேரி என்னைப் பூத்துக்குக் கூப்பிட்டார். "அண்ணே, நாம அவனை ஆரம்பிக்கச் சொன்னோம். பொறந்ததிலிருந்து அவன் கூட்டத்தோடதானே உக்காந்திருக்கான்? அவன் பங்கு வரட்டும்னு நின்னுருக்கான். நாம முதல் பாதியைச் சொல்லிட்டுச் சும்மா இருந்தா என்ன செய்வான்?"

எனக்கும் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஜெபமாலை இராகத்திலேயே, "ரொனாவுக்கு..." என்று இழுத்து நிறுத்தினார். பதில் இல்லை. அவரே "தண்ணி வேணும்" என்று முடித்து, டம்ளரை நீட்டினார். தினமும் இதே கூத்து. போன் பேச வந்தவர்கள் சிரித்தார்கள். பதினோராம் நாள் அவர் இழுத்து நிறுத்த, சுவரைப் பார்த்தபடியே "தண்ணி வேணும்" என்றான் பையன்.

அப்புறம் சோறு வந்தது, சைக்கிள் வந்தது. ஒருநாள் "இருட்டு வேணும்" என்றான். ஆனந்தமேரி கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு அவனோடு உட்கார்ந்திருந்தார். மதுரை டாக்டர் ஒருவர் இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிச் சொல்லியே பேச்சுக்கு வரும் பிள்ளைகள் உண்டு, விடாதீர்கள் என்றார். ஆனாலும் முதல் பாதியை அம்மா சொன்னால்தான் உண்டு. அவர் மறந்துவிட்டால் பையன் நாள் முழுக்க மௌனம்தான். இரண்டரை வருடம் இப்படியே போயிற்று.

2001 கோடையில் ஒருநாள் பூத் திறக்கவில்லை. மறுநாள் போனேன். முந்தின நாள் காய்ச்சலில், யாரோடும் பேசாமல் பாயில் சுருண்டு கிடந்தாராம்.

"மத்தியானம் பக்கத்துல வந்து நின்னான்ணே. சுவரைப் பாத்துக்கிட்டே 'அம்மாவுக்கு...'ன்னு இழுத்தான். நிறுத்திட்டான். உனக்கு என்ன வேணும்னு என்னைய யாரு கேட்டிருக்கா? மறுபடியும் 'அம்மாவுக்கு...'ங்கிறான். காத்துக்கிட்டு நிக்கிறான்."

"நீ என்ன சொன்ன?"

"'தண்ணி வேணும்'னேன். பாதியைக் கீழ சிந்திக்கிட்டே செம்போட கொண்டாந்தான். எனக்குத் தாகமே இல்லண்ணே. ரெண்டு செம்பு குடிச்சேன்."