புகையான் எண்ணுகிற வேலை

நெல் வயலில் குனிந்து பூச்சி எண்ணி, மருந்து அடிக்கலாமா என்று விவசாயிக்குச் சொல்வதற்குச் சம்பளம் என்றால் சிரிப்பீர்கள்; சொன்ன வாக்கு பலிக்குமோ என்று பயந்துகொண்டே திரிகிற எனக்குச் சிரிப்பு வராது.

தூருக்கு இரண்டு சிலந்தி

பாலசமுத்திரத்தில் ஈஸ்வரியக்கா குத்தகை நிலத்தில் ஒரு ஏக்கர் நெல் நட்டிருந்தார். நான் பயிரின் அடித்தூரைத் தட்டினேன். தண்ணீரில் விழுந்தது புகையான் பூச்சி. தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும்; மிஞ்சினால் பயிர் கருகிவிடும். ஆனால் தூருக்கு இரண்டு சிலந்தியும் இருந்தது. சிலந்தி புகையானைத் தின்னும். மருந்து அடித்தால் முதலில் சாவது சிலந்திதான். "சிலந்தி இருக்கிறவரை மருந்து வேண்டாம்க்கா" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி தம்பி. இந்தப் போகம் போச்சுன்னா குத்தகைய வேற ஆளுக்கு மாத்திருவாக. அதையும் மனசுல வச்சுக்கங்க."

துப்புரவான வயல்

அடுத்த வயல்காரர் தங்கவேல் அண்ணன், நட்ட மாதத்திலேயே இலைச்சுருட்டுப் புழுவுக்கென்று இரண்டு தடவை மருந்து அடித்தவர். அவர் வயலில் ஒரு தட்டான்கூடப் பறக்காது. அக்கா வயலிலோ தட்டானும் சிலந்தி வலையுமாக ஒரே கூட்டம். பார்க்கப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. பழனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் பயிரின் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஒருநாள் அண்ணன் வரப்பில் நின்று கேட்டார்: "ஏன் தம்பி, பூச்சி வளக்கவா அந்தம்மா குத்தகைக்கு எடுத்துச்சு?"

நான் கவிழ்ந்த நாள்

கதிர் வரும் சமயம், தங்கவேல் அண்ணன் வயலின் நடுவே பயிர் வட்டமாகக் காய்ந்துவிட்டது. புகையான்தான்; அதைத் தின்னச் சிலந்தி அங்கே மிஞ்சவில்லை. அது அக்கா வயலுக்கும் தாவிவிடும் என்று பயந்துபோனேன். அக்காவுக்குப் போன் போட்டு, "வெரசா மருந்து அடிச்சிருங்கக்கா" என்றேன். எண்ணிப் பார்க்காமலே சொன்னேன். என் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

"காலையில வெள்ளனே இருபது தூரு தட்டிப் பாத்துட்டேன் தம்பி. சிலந்தி அப்படியே கெடக்கு. நீங்க மொதல்ல வந்து எண்ணுங்க, பெறகு பயப்படுவோம்."

அறுப்பு

போய் எண்ணினேன். போன வாரத்தைவிடப் புகையான் குறைந்திருந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு மூலையிலும் தட்டினேன், அங்கேயும் குறைவுதான். இருந்தும் அறுப்பு மிஷின் கடைசிச் சுற்றை முடிக்கும்வரை நான் வரப்பை விட்டு நகரவில்லை.

குவிந்த நெல்லை அள்ளிப் பார்த்த அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "குத்தகை எனக்கேதான். அடுத்த போகமும் வாங்க தம்பி. ஆனா பயந்தா மட்டும் எனக்குப் போன் போடாதீங்க."

ஆக, அந்த ஏக்கரில் அந்தப் போகம் பூச்சி தின்று தீர்த்தது என் நிம்மதியை மட்டும்தான்.