பஸ் கீழே எங்கே நிற்கும்?

ஜவ்வாது மலைப் பள்ளியில் நான் ஆசிரியை. என் வகுப்பைச் சென்னையிலுள்ள மீன் காட்சியகத்துக்கு அழைத்துப்போகத் திட்டமிட்டு, அனுமதிக்கும் பஸ்ஸுக்கும் நாயாக அலைந்தேன். எல்லாம் முடிந்த பிறகு, என் மாணவி செல்வியின் அப்பா மட்டும் கையெழுத்துப் போடாமல் மூன்று முறை வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்.

"டீச்சர், பஸ்ஸு கீழ எங்க நிக்கும்?"

மூன்றாம் முறை கத்திவிட்டேன். "பஸ்ஸு பள்ளிக்கூட வாசலுக்கே வருது. கீழ எங்க நின்னா உங்களுக்கு இன்னாங்க?"

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

புறப்படும் நாளில் செல்வி வரவில்லை. அரை மணி நேரம் காத்திருந்து எரிச்சலாகி, வழியனுப்ப வந்திருந்த என் அக்கா மகளை அவள் இடத்தில் உட்காரவைத்துக் கிளம்பினேன். மலை வளைவுகளில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். நானும்தான்.

மலையடிவாரத்தில், சந்தவாசலில் ஒருவர் பஸ்ஸுக்குக் குறுக்கே வந்து கை காட்டினார். செல்வியின் அப்பா. பக்கத்தில் புழுதிக் காலோடு செல்வி.

"இவளுக்கு வளைவுல வாந்தி வரும் டீச்சர். அதான் கருக்கல்லயே நடந்து இறங்கிட்டோம். எந்த பஸ்ஸுன்னு தெரியல. வர்றதுக்கெல்லாம் கை காட்டினு இருந்தோம்."

செல்விக்கு என் இடத்தைக் கொடுத்துவிட்டுச் சென்னைவரை நின்றுகொண்டே போனேன்.

அடுத்த ஆண்டு சுற்றுலாப் படிவத்தில் 'எங்கே ஏறுவீர்கள்?' என்று ஒரு வரி சேர்த்தேன். பதினொரு வீடுகளிலிருந்து சந்தவாசல் என்று எழுதி வந்தது. முந்தைய ஆண்டு, என்னிடம் வாய் திறந்து கேட்டவர் அவர் ஒருவர்தான்.