மிச்ச மருந்து

போன வாரம் முழுக்க எனக்குச் சோறும் தூக்கமும் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான். என் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கும் முத்துலட்சுமியின் இரண்டு வயது மகள் செல்விக்குக் காய்ச்சல். அவள் புருஷனுக்குக் கப்பலூரில் ஷிப்டு வேலை. நான் துணைக்குப் போகாமல் வேறு யார் போவது?

குழந்தைகள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு... கவனித்திருக்கிறீர்களா? பிள்ளை குணமாகிக் கிளம்பும்போது மிச்ச மருந்தை வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். கூடவே நோயும் வந்துவிடுமாம்! கொட்டவும் மனசு வராது. பக்கத்துக் கட்டிலுக்குத் தானம்.

"எம் மகனுக்கு ஒடனே கேட்ருச்சு தாயி, ராசியான மருந்து. இந்தா, நீ குடு" என்று உசிலம்பட்டிக்காரி ஒருத்தி பாதி பாட்டிலை நீட்டினாள். முத்துலட்சுமி கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள். ஸ்டூலில் ஏற்கெனவே இப்படிச் சில பாட்டில்கள்.

செல்விக்கு ஊசி மேல் ஊசி. காய்ச்சல் இறங்கவில்லை. காலில் வந்த சிரங்கிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டதாம். ரத்தத்தை டெஸ்ட் செய்துவிட்டு டாக்டரம்மா வந்தார்.

"எங்ககிட்ட இருக்கிற எந்த மருந்துக்கும் இது சாகலம்மா. இதுவரைக்கும் என்னென்ன குடுத்தீங்க?"

"எதையும் விடலையே டாக்டரம்மா! சிரங்கு வந்ததுலருந்து மெடிக்கல்ல வாங்கிக் குடுத்தேன். கொஞ்சம் வாடுச்சுன்னா நிறுத்திருவேன். மறுபடி வந்தா வேற மருந்து. இங்கயும் இவுக தந்தது அம்புட்டும்..."

பெருமையாகத்தான் சொன்னாள். பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று தாய் சொல்ல மாட்டாளா?

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அரைகுறையாக் குடுத்தா கிருமி பொழச்சுக்கிட்டு அந்த மருந்துக்கே பழகிரும்மா. அப்புறம் நாங்க போட்டாலும் கேக்காது. அடுத்த கட்டில் பிள்ளைக்கும் அதே கிருமிதான் தொத்தும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்வியின் மூச்சு அடங்கிவிட்டது. தகப்பன் உடம்பைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே போய்விட்டான்.

நாங்கள் துணிமணியைக் கட்டி முடிக்கவில்லை, அந்தக் கட்டிலுக்கு வேறொரு பிள்ளை வந்துவிட்டது. அதன் தாய்க்கு விஷயம் தெரியாது.

"வீட்டுக்குப் போறீகளாக்கா? அந்த மருந்தை எம் மகளுக்குக் குடுத்துட்டுப் போங்களேன்."

முத்துலட்சுமி பாட்டில்களை முந்தானையில் அள்ளினாள். குழாயடிக்குப் போய் ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்த்தாள்.

"அடியாத்தீ! குடுத்தா கொறைஞ்சா போயிருவ? எம்புட்டுக் கல்நெஞ்சு!"

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"விடுங்க பெரியம்மா. வையட்டும்."

அந்த வார்டில் நான் பார்த்த தானங்களில் அது ஒன்றுதான் தானம்.