விளக்குமாறு மாட்டிய வீடு

கோட்லீப் பென்ஸ்லர் முப்பத்தெட்டு வருடம் ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். மலை மேட்டில், இரண்டே நடைமேடை கொண்ட சின்ன நிலையம். அவர் பச்சை காட்டி ஒரு வண்டிகூடத் தாமதமாகக் கிளம்பியதில்லை என்று இன்றும் சொல்வார்கள். மனிதர் காதலித்ததே வண்டி நிற்கும் நான்கு நிமிடங்களில்தான். நடைமேடையில் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்த ஹெட்விக்கிடம் திங்கட்கிழமை ஒரு வாக்கியம், செவ்வாய்க்கிழமை ஒரு வாக்கியம் என்று பேசி, ஐந்தாவது மாதம் கல்யாணத் தேதியில் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஓய்வு பெற்றதும் இப்படிப்பட்டவர் சும்மா இருப்பாரா? எங்கள் பக்கத்தில் மூன்று பேர் சேர்ந்தால் சங்கம். நான்காவது ஆள் வந்துவிட்டால் தேர்தல். ஊர் நடைச் சங்கத்துக்கு வழிகாட்டி தேவைப்பட்டார். கோட்லீப் அந்தப் பதவியில் உட்கார்ந்து பதினொரு வருடம் ஆகிவிட்டது. மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு ஊர். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காகிதம். 9.42 தேவாலயம், 9.55 ரொட்டிக் கடை, 10.03 கழிப்பறை. 10.03க்கு வராதவர்கள் அடுத்த ஊர்வரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படியே போயிருக்கும். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் சங்கத்தில் பல் வைத்தியர் ஃபோல்கர் சேர்ந்தார். ஆட்களை உட்கார வைத்துக் காக்க வைத்தே ஆயுசைக் கழித்தவர் அவர். இந்த முறை வருடக் கூட்டத்தில் எழுந்து நின்று போட்டு உடைத்துவிட்டார்.

"யோவ் கோட்லீப், உன்கூட வந்தா சர்ச்சுல மணி எத்தனைன்னு தெரியுது. சர்ச்சு எப்படி இருந்ததுன்னு ஒருத்தனுக்கும் தெரியலே. ஒரு நாளாவது நிதானமா ஊர் சுத்திப் பாப்போமா?"

எல்லோரும் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வருகிற சனிக்கிழமை எர்லன்ஃபுர்ட். காகிதம் இல்லை, கடிகாரம் இல்லை, தலைமை ஃபோல்கர். ஊர் திரும்புமுன் அங்கேயே கை தூக்கிவிடுவது: இனிமேல் வழிகாட்டி கோட்லீப்பா, ஃபோல்கரா? போட்டியிடும் இருவருக்கும் ஓட்டுக் கிடையாது. மிச்சம், ஹெட்விக்கும் சேர்த்து, ஒன்பது பேர்.

அந்தப் பதவியும் போய்விட்டால் தாம் வெறும் கிழவர்தான் என்று கோட்லீப் நம்பினார். அதை ஹெட்விக்கிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளாகச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை.

எர்லன்ஃபுர்ட் நெக்கார் நதிக்கரையில் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கிச் சந்தைச் சதுக்கத்துக்கு வந்ததும் ஃபோல்கர் இரண்டு கையையும் விரித்தார்.

"போங்கப்பா! கால் போற பக்கம் போங்க. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பாக்கலாம்."

யாரும் அசையவில்லை. பதினொரு வருடப் பழக்கம் லேசில் போகுமா? பிறகு ஒருவர் ரொட்டிக் கடைப் பக்கம் நழுவினார், இருவர் ஆற்றங்கரைக்கு நழுவினார்கள். சதுக்கத்தில் கோட்லீப்பும் ஹெட்விக்கும் மட்டும் நின்றார்கள்.

"சரி, எங்க போறது?" என்றார் கோட்லீப்.

"என்னைக் கேட்டா? வா, இப்படிப் போவோம்" என்று அவள் ஒரு சந்துக்குள் நுழைந்தாள். வேறு வழியில்லாமல் அவரும் பக்கத்தில் நடந்தார்.

பழைய மாவு மில்லின் சுவரில், ஆற்று வெள்ளம் எந்த வருடம் எவ்வளவு உயரம் வந்தது என்று கோடு கோடாகச் செதுக்கியிருந்தார்கள். ஹெட்விக் ஒவ்வொரு கோட்டின் கீழும் நின்று பார்த்தாள்.

"இதுல என் இடுப்பு முழுகியிருக்கும். இதுல மூக்கு. அம்மாடி, இதுல நீகூட முழுகியிருப்பே!"

"இதுக்கு ரெண்டு நிமிஷம் போதும்."

"அப்ப நீ போ."

போவதற்கு அவருக்கு இடமில்லை. நின்றார்.

நகர மன்றத்தின் மூலை உத்தரத்தில், நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு மரமுகம். ஊரையே பழித்துக் காட்டுகிற முகம். அந்தச் சுவரோரமாக நான்கு முறை ஆட்களை ஓட்டிக்கொண்டு போன கோட்லீப் அதை இப்போதுதான் பார்த்தார்.

"புதுசா வெச்சிருப்பாங்க" என்றார்.

"கீழே ஆயிரத்தி ஐநூத்தி அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு."

"என் காகிதத்துல இல்லே."

ஹெட்விக் சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன. ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றார்கள். சரக்குப் படகு ஒன்று மெல்லப் போயிற்று. அதன் மேல்தட்டில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஹெட்விக் கையாட்டினாள், அவள் ஈரச் சட்டை ஒன்றைத் தூக்கி ஆட்டினாள். கோட்லீப் மட்டும் கால் கட்டிய கோழி மாதிரி தவித்தபடி, இந்நேரம் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வாய் ஓயாமல் முணுமுணுத்தது. வெயில் என்றார், பெஞ்சு ஆடுகிறது என்றார், ஐஸ்கிரீம் உருகுகிறது என்றார். ஆனாலும் எழுந்து போகவில்லை.

மத்தியானம் சதுக்கத்தில் பதினொரு பேரும் பசியோடு கூடினார்கள். முதல் விடுதியில் கல்யாணம். இரண்டாவதில், குடும்பத்தோடு விடுமுறையில் போயிருக்கிறோம் என்று அட்டை தொங்கியது. மூன்றாவதில் கதவைத் திறந்த பெண், "ரெண்டு மணிக்கு அடுப்பு அணைச்சாச்சு. இப்ப ரெண்டு பத்து" என்று சொல்லி மூடினாள். ஃபோல்கரின் வழுக்கையில் வியர்வை பூத்தது. யாரோ, "கோட்லீப்பா இருந்தா மூணு வாரம் முன்னாடியே மேசை சொல்லி வெச்சிருப்பார்" என்றார்கள். கோட்லீப் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். உள்ளுக்குள் அவருக்குக் கல்யாணச் சாப்பாடே நடந்துகொண்டிருந்தது.

பழைய மதிலுக்குப் பின்னால் இருந்த சந்தில்தான் அதைக் கண்டார். ஒரு வீட்டு வாசலுக்கு மேல் ஆணியில் விளக்குமாறு மாட்டியிருந்தது. நெக்கார் கரையில் அதற்கு என்ன அர்த்தம் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். அந்த வீட்டுக்காரர் தம் தோட்டத்துத் திராட்சையில் பிழிந்த ஒயினைச் சில வாரம் வீட்டிலேயே விற்கிறார். யாரும் கதவைத் தட்டாமல் உள்ளே போய் உட்காரலாம்.

"வாங்க என் பின்னாடி!" என்றார் கோட்லீப். குரலில் பழைய ரயில் நிலையம் திரும்பி வந்துவிட்டது.

உள்ளே நீளமான ஒரு மேசை இருந்தது. நாற்காலிகளைக் கவிழ்த்து அதன்மேல் அடுக்கியிருந்தார்கள். பின்கட்டிலிருந்து எழுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் ஈரத்துணியோடு வந்து நின்றாள். பெயர் திருமதி குங்கெல்.

"கடவுள் வாழ்த்தட்டும்மா! பதினொரு பேர். சிவப்பு ஒயின் ஆளுக்குக் கால் லிட்டர். சாப்பிட என்ன இருக்கோ எல்லாம் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கோட்லீப்பே நாற்காலிகளை இறக்கிப் போட்டார்.

அம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள், உள்ளே போனாள். ஒயின் வந்தது. ரொட்டி வந்தது, ஈரல் வதக்கல் வந்தது, ஒரு பெரிய வாணலி நிறைய முட்டையும் வெங்காயமும் வந்தன. இரண்டாவது கோப்பையில் பாட்டு ஆரம்பித்தது. "கோட்லீப் மூக்கு மோப்ப நாய் மூக்கு!" என்று ஒருவர் முதுகில் தட்டினார். ஒன்பது ஓட்டும் பையில் விழுந்த மாதிரிதான் என்று கோட்லீப் நினைத்துக்கொண்டார்.

சாப்பிட்டதற்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்கப் பின்கட்டுக்குப் போனார். திருமதி குங்கெல் அடுப்பங்கரை ஸ்டூலில் உட்கார்ந்து, காலியான முட்டைத் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் ஆகலே. இது கடை இல்லே, என் வீடு."

"வாசல்ல விளக்குமாறு…"

"முற்றத்தைக் கழுவினேன். விளக்குமாறு ஈரமா இருந்தது. காயட்டும்னு மாட்டினேன். பழைய ஆணி அங்கதானே இருக்கு. நாங்க கடையை மூடி ஏழு வருஷமாச்சு."

கோட்லீப்புக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. "உள்ள வந்தப்பவே விரட்டியிருக்கலாமே!"

"விரட்டத்தான் வந்தேன். நீங்க பாட்டுக்குச் சிவப்பு ஒயின்னு அதட்டினீங்க. கை தானா கிளாஸுக்குப் போயிடுச்சு. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? அதை விடுங்க, ஏழு வருஷமா இந்த மேசையில இவ்வளவு சத்தம் கேட்டதில்லே. மனசு நெறஞ்சிருக்கு."

அந்த நேரம் பார்த்துக் கூடத்திலிருந்து ஃபோல்கரின் குரல் வந்தது. "ஏம்மா, கடுகு கேட்டு அரை மணி நேரமாச்சு! என்ன கடை நடத்துறீங்க? அடுத்த தடவை வேற கடைக்குத்தான் போகணும்!"

திருமதி குங்கெல் கண்ணைச் சிமிட்டினாள். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. பேசாம கூட்டிட்டுப் போயிடுங்க. உங்க பேரும் கெடாது."

சொல்லாமல் இருந்தால் பதவி நிச்சயம். சொன்னால், முன்பின் தெரியாதவள் வீட்டுக்குள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு புகுந்த வழிகாட்டியை எந்தச் சங்கம் வைத்துக்கொள்ளும்? கோட்லீப் கடுகுப் புட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். ஃபோல்கரின் முன்னால் அதை வைத்தார். பிறகு நேராக நிமிர்ந்து நின்றார்.

"எல்லாரும் கொஞ்சம் எழுந்து நில்லுங்க. தொப்பி போட்டிருக்கறவங்க எடுங்க. இது கடை இல்லே. இந்த அம்மாவோட வீடு. விளக்குமாறு காயப் போட்டிருந்தாங்க. தப்பு என்னோடது. நாம தின்னது இவங்க வீட்டு முட்டை."

ஃபோல்கரின் கையில் கடுகுக் கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்புறம் யாரோ மூக்கால் சிரித்தார்கள், அது அடுத்தவரைத் தொற்றியது, மேசையே குலுங்கியது. யானைக்கும் அடி சறுக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த யானை சறுக்கி நேராக அடுத்த வீட்டுச் சமையலறையில் விழுந்திருக்கிறது! கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டுகளைக் கழுவினார்கள், தரையைத் துடைத்தார்கள். ஃபோல்கர் போய் ஒரு கூடை முட்டை வாங்கி வந்து, கடுகு விஷயத்துக்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார்.

"கையைத் தூக்கிடுவோமா?" என்றார் ஒருவர். வண்டிக்கு முன் முடிக்க வேண்டிய காரியம். எங்கள் ஆட்கள் கப்பல் மூழ்கினாலும் ஓட்டெடுப்பை விடமாட்டார்கள்.

"எனக்கு ஓட்டு இருந்தா கோட்லீப்புக்குத்தான்" என்றாள், தட்டுக் கழுவும்போதே முழுக் கதையையும் கேட்டுக்கொண்ட திருமதி குங்கெல். "ஃபோல்கர் காட்டினது மூணு பூட்டின கதவு. இவர் காட்டினது ஒரு திறந்த கதவு. அது யார் கதவா இருந்தா என்ன?"

ஃபோல்கருக்கு நான்கு கை. கோட்லீப்புக்கு நான்கு கை. ஹெட்விக் இன்னும் தூக்கவில்லை. கோட்லீப் மூச்சை நிம்மதியாக விட்டார். நாற்பத்து மூன்று வருட மனைவி, வேறு யாருக்குத் தூக்குவாள்?

"ஃபோல்கர்" என்று சொல்லி ஹெட்விக் கையை உயர்த்தினாள்.

கோட்லீப்பின் முகம் வெளுத்துவிட்டது. "நீயுமா? உண்மையைச் சொன்னதுக்கா இது?"

"அதுக்கில்லே. அதைச் சொன்னப்ப, உன்னைக் கட்டினதுக்கு ரொம்பப் பெருமையா இருந்தது." அவள் கையை இறக்கவில்லை. "ஆனா, பதினொரு வருஷமா நீ முன்னாடி போறே. யாரும் தவறிடக் கூடாதுன்னு என்னைக் கடைசியா வரச் சொன்னே. நடுவுல ஒம்போது முதுகு. நூத்துக்கும் மேல ஊர் பாத்தோம், ஒரு ஊர்லயாவது நாம ரெண்டு பேரும் சேர்ந்து நடந்தோமா? இன்னிக்குக் காலையில நடந்தோம். பூரா நேரமும் முணுமுணுத்துக்கிட்டே வந்தே. இருந்தாலும் பக்கத்துல வந்தே. எனக்கு அது வேணும்."

ஃபோல்கர் தரையைப் பார்த்தார். கோட்லீப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதவி போன துக்கம் என்றுதான் முதலில் நினைத்தார். அது இல்லை என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒருத்தியைப் பதினொரு வருடம் வரிசையின் கடைசியில் நிறுத்தியிருக்கிறோம், அவள் ஒரு தடவைகூடக் குறை சொல்லவில்லை என்பது அவருக்கு வலித்தது.

புதிய வழிகாட்டி வெளியே நின்று ஆட்களை எண்ணினார். "ஒம்போதுதான் இருக்கு. ரெண்டு குறையுதே! வண்டிக்கு நேரமாச்சு, வாங்கப்பா!"

"நீங்க போங்க" என்று ஆற்றுப் பாலத்துப் பக்கமிருந்து குரல் கொடுத்தார் கோட்லீப். "நாங்க அடுத்த வண்டியில வர்றோம்."

ஹெட்விக் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?"

"தெரியாது" என்றார் கோட்லீப். அந்தத் தடத்தின் அத்தனை வண்டிகளும் மனப்பாடமான மனிதர், கண்ணை இமைக்காமல் அந்தப் பொய்யைச் சொன்னார்.